இடது கண் கொஞ்சம் பெரிது

1968, ஆனி மாதத்து உச்சி வெயில். அய்யனார் கோயில் பொட்டலில் சைக்கிளைச் சாய்த்ததும் பூமிநாதன் செருப்பைக் கழற்றினான். தரை கொதித்தது. பக்தி உள்ளங்காலில் கொப்புளமாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் கழற்றவில்லை.

இருவரும் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. அவனுக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்ததிலும் புரை விழுந்து, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். பார்வை தப்பினாலும் தப்பும், போனாலும் போகும் என்றாராம் டாக்டர். அதற்குள் குலசாமி கோயில் மண்குதிரை ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட வேண்டுமாம். பார்வை போனபிறகு படங்களை எதைக் கொண்டு பார்ப்பாய் என்று கேட்டேன். லாஜிக் பரீட்சையில் இவன் என்னைவிட அதிக மார்க்.

என்னைக் கூட்டிவரக் காரணம் உண்டு. செக்காலை ரோட்டில் அமீர் ஹம்சா பாயின் ஸ்டூடியோவில் மாலை நேரங்களில் நான் படங்களைப் பென்சிலால் திருத்தும் டச்சிங் வேலை செய்தேன்; கேமராவும் அங்கே இரவல் கிடைக்கும். பிணத்தை நாற்காலியில் சாய்த்து எடுத்த படங்களில் பென்சிலால் கண்ணைத் திறந்துவைப்பது என் தனித்திறமை. ஒரே குறை, இடது கண் கொஞ்சம் பெரிதாக விழும்.

“ஏம்ப்பா, செத்தவுக உனக்கு என்ன பாவம் பண்ணாக? ஒருத்தர் விடாம மாறுகண்ணாக்கி அனுப்புறியே!” என்பார் பாய்.

பொட்டலில் காற்றே இல்லை. பனையோலைகூட அசையவில்லை. மூக்கிழந்தும் காலிழந்தும் குதிரைகள் வரிசையாக நின்றன. வௌவால் எச்சமும் காறிய எண்ணெயும் கலந்த வாடை. கோடியில் ஒரு புதுக்குதிரை, கண்ணில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மகனின் கண்ணுக்காகப் பூமிநாதனின் அம்மா சோணையம்மாள் நேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் திருவிழாவில் கண் திறப்பு.

அதைச் செய்த பெத்தன் வேளார் வாசலில் நின்றார். “படம் புடிச்சுக்கங்க தம்பி. துணிய மட்டும் தொட்டுறாதீக.”

“தொட்டா?”

“இது கண்ணு குடுக்குற குதிரை. எங்கேருந்தாச்சும் எடுத்துத்தானே குடுக்கணும்? அதான் நான் ஓரமா ஒதுங்கி நின்னு மை வைக்கிறது. மொதப் பார்வை கண்ணாடியில விழுந்தா, அதுல தெரியிற கண்ணை எடுத்துக்கிரும். ஒருத்தருக்கும் சேதமில்ல. மனுச மூஞ்சியில விழுந்துச்சோ...”

எங்கள் பொருளாதாரப் பேராசிரியர்கூட எதையும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

வேளார் தண்ணீர் குடிக்கப் போனார். நான் துணியை அவிழ்த்தேன்.

“டேய் பொன்னழகு, வேணாண்டா. கட்டுடா!” பூமிநாதனின் குரல் கிசுகிசுத்தது.

கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று வெறும் மண். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? சுருளில் கடைசிப் படமாக அதை எடுத்துவிட்டுத் துணியைத் திரும்பக் கட்டினேன். முடிச்சு என் விரலுக்கு முன்னால் தானே இறுகியது போலிருந்தது. வெயில் மயக்கம்.

மறுநாள் ஸ்டூடியோவில் படத்தைக் கழுவி, மேசையில் வைத்துக் குனிந்து, குதிரைக்கு இரண்டு கண்ணையும் போட்டேன். வகுப்பில் பூமிநாதனிடம் நீட்டினேன்.

“இந்தா. வேளாருக்கு முந்திக்கிட்டேன்.”

அவன் படத்தை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தான்.

“எதிர்ல குனிஞ்சா போட்ட?”

“பின்ன, முதுகைக் காட்டிக்கிட்டா போடுவாக?”

அவன் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்ச்சிக்கும் புரை விழும் போலிருக்கிறது.

திருவிழா அன்று மேளம் நின்றது. வேளார் ஒதுங்கி நின்று, ஒரு கையில் கண்ணாடியை உயர்த்தி, மறு கையால் முடிச்சை இழுத்தார்.

துணி விழுந்தது.

கண்ணாடியும் விழுந்தது.

மை வைக்காத குதிரைக்குக் கண் இருந்தது. கறுப்பு அல்ல. பென்சில் சாம்பல் நிறம்.

இடது கண் கொஞ்சம் பெரிது.

“யாரைப் பார்த்துச்சு? யாரைப் பார்த்துச்சு?” என்று வேளார் முணுமுணுத்தார். கூட்டத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். நான் இடப்பக்கம் நகர்ந்தேன். வலப்பக்கம் நகர்ந்தேன். அது என்னைத்தான் பார்த்தது.

வீடு திரும்பும்போது விடை கிடைத்துவிட்டது. படத்தைப் பார்த்தவன் பூமிநாதன் ஒருவன்தான். பென்சிலோடு பொட்டலுக்கு வந்து அப்படியே பார்த்து வரைந்திருக்கிறான். அரைக்குருடன் எனக்குப் பாடம் நடத்துகிறான்! ஆபரேஷன் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கட்டுப் பிரிக்கும் நாளில் மதுரைக்குப் போனேன். வார்டு முழுக்க ஒரே வெள்ளையாக, மங்கலாக இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்.

டாக்டர் கடைசிச் சுற்றைப் பிரித்தார். பூமிநாதன் இமைத்தான். சோணையம்மாள் அவன் முகத்தருகே குனிந்தாள்.

“ஆத்தா... ஒன் மூக்குத்தி தெரியுது ஆத்தா.”

அவள் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். அய்யனாருக்குத்தான். கத்தி பிடித்த டாக்டர் பக்கத்திலேயே நின்றார். பாவம்.

அப்புறம் அவன் என் பக்கம் திரும்பினான். சிரிப்பு நின்றது.

“பொன்னழகு...”

“என்னடா, என்னைத் தெரியலையா?”

“தெரியுது. நீ ஏன்டா கண்ணுல துணி கட்டியிருக்க?”

மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை என்றார் டாக்டர். படித்தவர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, சும்மாதான், பின்னந்தலையைத் தடவிப் பார்த்தேன்.

முடிச்சு இருந்தது.