பத்து மணி விலை

"அய்யோ...!"

துப்புரவுப் பெண்ணின் அலறலில் உலோகச் சந்தைக் கட்டடமே திடுக்கிட்டது.

மாடிப்படியின் அடியில் விலை அதிகாரி கிடந்தார். கழுத்து திரும்பியிருந்த விதத்தைப் பார்த்தால் நாடி பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மணி ஒன்பது பத்து.

பத்து மணிக்கு அவர் தாமிரத்தின் விலையை அறிவித்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் மேற்கு நாடுகள் வைத்ததுதான் விலை. ஆசியா வாயை மூடிக்கொண்டு வாங்கியது. இப்போது தலைகீழ்! இந்தக் கட்டடம் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் அங்கே கடையே திறக்கிறார்கள்.

"இன்னிக்கு நீங்கதான் சொல்லணும்" என்றார் சந்தைத் தலைவர், துணை அதிகாரியிடம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். ஏழு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதர்!

இருக்கைக்குத் திரும்பியதும் போன் அடித்தது.

"உங்க பெரியவர் மாட்டேன்னுட்டார். நீயாவது சொல்லுவியா?"

"யா... யாரு?"

"டன் எட்டாயிரத்து நூறு டாலர். பத்து மணிக்கு. அவ்வளவுதான்."

"அடப்பாவி! வாங்குறவங்க ஒன்பதாயிரத்து நானூறு கொடுக்கத் தயாரா நிக்கிறாங்க!"

"தெரியும். இன்னிக்கு வாங்கப்போறது நாங்க. அதனாலதான் போன். இந்தா, பேசு."

"அக்கா..." தங்கை! மூக்கடைத்த அழுகை. "கண்ணைக் கட்டியிருக்காங்கக்கா... போலீசுக்குப் போனா என்னை..."

லைன் செத்தது.

மணி பத்து.

மைக்கின் முன்னால் அவள் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூறு பேர் காத்திருந்தார்கள்.

"எட்டாயிரத்து... நூறு."

எல்லா விலைத் திரைகளும் சிவந்தன. எங்கெங்கோ தூங்கிக்கொண்டிருந்த பணக்காரர்களை யார் யாரோ உலுக்கி எழுப்பினார்கள்.

பத்து இருபதுக்கு செல்போன் துடித்தது.

"அக்கா, விட்டுட்டாங்க! பஸ் ஸ்டாப்ல இருக்கேன்!"

அவள் தலைவரின் அறைக்கு ஓடினாள். உள்ளே இன்ஸ்பெக்டரும் இருந்தார்.

"சார், நான் சொன்னது பொய் விலை! தங்கச்சியைக் கடத்தி மிரட்டினாங்க. பெரியவரைக் கொன்னதும் அவங்கதான்! உடனே ரத்து பண்ணுங்க!"

தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உட்காருங்கம்மா. இருபது வருஷம் நாயா பேயா அலைஞ்சோம், நம்ம விலையை உலகம் நம்ப. ஒருநாள் விலை பொய்னு தெரிஞ்சா போதும்... நாளைக்கே பழையபடி மேற்கு நாட்டு விலைக்கே போயிடுவாங்க."

"அதுக்கு?"

"நீங்க சொன்னதுதான் விலை."

"நாளைக்கும் போன் பண்ணுவாங்களே சார்!"

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்களாவது... ஒரு கொலை நடந்திருக்கு சார்!"

'படியில் வழுக்கி விழுந்து மரணம்' என்ற தாளில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். நிதானமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கொலையும் உங்க விலை மாதிரிதாம்மா... நாங்க அறிவிச்சாத்தான் உண்டு!"