மழைக்கோட்டு ஓட்டம்

உச்சி வெயிலில் யாராவது மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுவார்களா?

இடி ஓடினாள். அவளுடைய சிரிப்புச் சத்தத்துக்காகப் பள்ளி மல்யுத்தக் குழு வைத்த பேர் அது. இன்று சிரிப்பைக் காணோம்.

அவளை வழிமறித்தாள் பம்பரம். யார் பிடியிலும் சிக்காமல் சுழல்வதால் இவளுக்கு இந்தப் பேர்.

"என்னடி இது வேஷம்?"

"நாற்பது கிலோ பிரிவுக்கு நான் அரை கிலோ அதிகம். சாயங்காலம் போட்டிக்கு ஆள் எடுக்க எடை பார்க்கறதுக்குள்ள வேர்த்து வேர்த்துக் குறைக்கணும். தண்ணியும் குடிக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டார்."

"எப்போலேர்ந்து குடிக்கலை?"

"நேத்து... இல்ல, இன்னைக்கு... தெரியலடி. தலை விண்ணு விண்ணுனு வலிக்குது."

பம்பரம் உற்றுப் பார்த்தாள். இடியின் உதடு வெடித்திருந்தது. நாக்கு காகிதம் மாதிரி உலர்ந்திருந்தது. கழுத்தைத் தொட்டால் ஒரே சூடு.

"வேர்வையே இல்லையே! ஒண்ணுக்காவது போனியா?"

"காலையில கொஞ்சம். டீ கலர்ல வந்துச்சு."

"போதும். கழட்டு கோட்டை!"

நிழலில் உட்கார வைத்துக் கழுத்தில் தண்ணீர் தெளித்தாள். பிறகு மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுத்தாள்.

விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார் மாஸ்டர். "யாரைக் கேட்டுத் தண்ணி கொடுத்தே?"

"அவ நாக்கைக் கேட்டுத்தான் சார்."

"வாயைப் பாரு! எடை குறையலைன்னா அவ அடுத்த பிரிவுக்கு, அதான் உன்னோட பிரிவுக்கு வரணும். ஒரு பிரிவுக்கு ஒருத்திதான் போட்டிக்குப் போக முடியும். உன் இடமே போயிடும், யோசிச்சியா?"

அந்த இடத்துக்காக ஒரு வருஷமாக மல்யுத்த மெத்தையில் உருண்டு புரண்டவள் பம்பரம்.

"வரட்டும் சார். தெம்பா வந்து மோதட்டும். இவளைக் காயப்போட்டு நான் என் இடத்தைக் காப்பாத்திக்கணுமா? முடியாது!"

"நாங்கெல்லாம் இப்படித்தான் எடை குறைச்சோம்."

"மயக்கமே வந்ததில்லையா சார்?"

பம்பரம் ஒரே ஓட்டமாக ஓடிப் பள்ளி நர்ஸம்மாவை அழைத்து வந்தாள்.

நாடி பிடித்துப் பார்த்த நர்ஸம்மா முறைத்தார். "இன்னும் ரெண்டு சுத்து ஓடியிருந்தா ஆஸ்பத்திரிதான், மாஸ்டர்!"

மாஸ்டர் மழைக்கோட்டைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

சில நாள் நன்றாகச் சாப்பிட்டு, குடித்து, தூங்கித் தேறிய இடியும் பம்பரமும் அந்த ஒரே இடத்துக்காக மெத்தையில் மோதினார்கள். பம்பரம் சுழன்றாள். இடி பிடியை நழுவவிட்டாள், மறுபடி பிடித்தாள். கடைசியில் இடுப்போடு தூக்கி ஒரே போடு!

மல்லாந்து கிடந்த பம்பரத்துக்கு மூச்சு வாங்கியது. "அடிப்பாவி, உனக்கு இவ்வளவு பலமா?"

"எல்லாம் உன் வேலைதான்!" இடி சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

கரும்பலகையில் போட்டிக்குப் போகிறவர்கள் பட்டியலில் இருந்த பம்பரத்தின் பேரை அழிக்க மாஸ்டர் துணியை எடுத்தார்.

"லேசா அழிங்க சார்!" என்று படுத்தபடியே கத்தினாள் பம்பரம். "அடுத்த போட்டிக்கு அதே இடத்துலதான் எழுதப் போறீங்க!"