இரவல் குரல்

நெட்டச்சிக்குத் தோள்பட்டை இற்று விழுகிற மாதிரி வலித்தது. நாள் முழுக்க உறைந்த மீன்பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற உடம்புக்கு அது பழகின வலிதான். தைலம் போட்டு நாலு தேய் தேய்த்தால் சொன்னபடி கேட்கும். இன்றைய தொல்லை தொண்டையில். அறைக்குள் வந்து செருப்பை உதறி, "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்தாள்.

அந்த "அப்பாடா" அவளுடையது இல்லை.

திரும்பிப் பார்த்தாள். பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, ஆணியில் தொங்கும் துணிகள். வேறு யார் இருக்கப்போகிறார்கள்? ஜன்னலில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசையும், மாடியில் கட்டிலை இழுக்கும் ஓசையும் கேட்டன. எல்லார் வீட்டிலும் பேச்சுக்குத் துணை இருந்தது. இவளுக்கு ஒருத்திதான் இருந்தாள். அவளும் போய்ச்சேர்ந்தாள்.

வரும் வழியில் சோப்பு வாங்கும்போதே கடைக்காரன் கேட்டிருந்தான். "என்னக்கா, குமரிப்பொண்ணு மாதிரி குழையுற? ஆளு ஒட்டகம், குரலு கோழிக்குஞ்சா?"

"சளிடா" என்றுதான் சொன்னாள். கடைசி எழுத்து மேலே ஏறி ஒரு சொடுக்குச் சொடுக்கி நின்றது. அப்படி இழுத்துச் சொடுக்கிப் பேசுகிறவள் இந்தத் தெருவிலும் சரி, வேலை செய்கிற குளிர்கிடங்கிலும் சரி, ஒருத்திதான்.

குருவி.

கிடங்கில் தடித்த கோட்டும் குல்லாவும் முகமூடியும் போட்டால் பெற்ற தாய்க்கே பிள்ளையைத் தெரியாது. அதனால் வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் வெளிக்கதவருகே நின்று ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார். பனிப்புகைக்குள்ளிருந்து "வந்தாச்சுண்ணே" என்று குரல் வரவேண்டும். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் கதவைச் சாத்துவார், இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிடுவார்.

குருவி அடிக்கடி முன்னாலேயே நழுவிவிடுவாள். சாயங்காலம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போவதாக நெட்டச்சியிடம் சொல்லியிருந்தாள். "எனக்கும் சேத்து நீயே குரல் குடுத்துரு தாயே, உனக்கென்ன வாயா வலிக்குது?" நெட்டச்சிக்கு அடுத்தவர் மாதிரி பேசிக்காட்டுவது சின்ன வயதிலிருந்தே கைவந்த விளையாட்டு. முதலில் தன் குரலில் ஒரு "வந்தாச்சு", பிறகு இழுத்துச் சொடுக்கி ஒரு "வந்தாச்சு". இருவரும் மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஓட்டலும் இல்லை, பாத்திரமும் இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் குருவி அறையைக் காலிசெய்துவிட்டிருந்தாள். கிடங்கின் கடைசி அறை பழுதாகிக் குளிரில்லாமல் கிடந்தது. அங்கே சாக்குகளை விரித்துப் படுத்து வந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நெட்டச்சி தன் பாயில் பாதியைக் கொடுத்திருப்பாள். சொல்லவில்லை. அவளுக்கு ரோஷம்.

போன வாரம் ஒருநாள் கடைசி அறையின் பழுதைச் சரிசெய்திருந்தார்கள். அது குருவிக்குத் தெரியாது. சூப்பர்வைசர் கூப்பிட்டார், நெட்டச்சி இரண்டு குரலில் பதில் சொன்னாள், கணக்கு சரியாக இருந்தது. கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் காலை கடைசி அறையில் குருவி விறைத்துக் கிடந்தாள். விசாரணையில் நெட்டச்சி இன்னொரு பொய் சொன்னாள். "என்கூடத்தாண்ணே வெளிய வந்தா. ஸ்டாப்புல பிரிஞ்சோம்." வேலை போய்விடுமே என்ற பயம். அப்படியானால் செத்தவள் திருடத்தான் திரும்பி வந்திருக்கிறாள் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. நெட்டச்சி குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

இப்போது அறையில் கிடங்கின் நெடி வந்தது. மீனும், ஈரச் சாக்கும், மூக்கை அறுக்கும் அமோனியாவும் கலந்த நெடி. கோட்டைக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டுத்தானே வந்தோம் என்று கையை முகர்ந்தாள். கையில் இல்லை. உள்ளங்கையில் ஊதி முகர்ந்தாள்.

வாயிலிருந்து வந்தது.

வெளியே புழுக்கம், முதுகில் வியர்வை வழிந்தது. ஆனால் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

கதவு தட்டப்பட்டது.

திறந்தாள். கையில் துணிப்பையோடு ஒரு வயதான அம்மாள். வெயிலில் நடந்து வந்த முகம். கண்ணில் குருவியின் அதே துறுதுறுப்பு, ஆனால் அணைந்துபோனது.

"நீதான் நெட்டச்சியா கண்ணு? நெலப்படிக்குக் குனிஞ்சுதான் உள்ள போவான்னு போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நான் அவ அம்மா."

நெட்டச்சி தலையை மட்டும் ஆட்டினாள். உதட்டைப் பல்லால் இறுக்கியிருந்தாள்.

அம்மாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "திருட வந்தவன்னு சொல்லித்தான் பொணத்தக் குடுத்தாங்க. ஊர்ல யாரும் தூக்க வரல. சுமந்தது பூரா கூலியாளு." பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "நீ அவகூட வெளிய வந்தியாமே. எதுக்குத் திரும்பிப் போனா? அவ திருடியா? நீ சொன்னா நான் நம்பிக்கிறேன். உன் வாயால சொல்லு."

சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். 'அவ வெளிய வரவே இல்ல, நான்தான் அவ குரல்ல...'

வாயைத் திறந்தாள்.

"அம்மா."

இழுத்து, ஏறி, சொடுக்கி நின்றது.

பை கீழே விழுந்தது. அம்மாள் நெட்டச்சியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, அந்த முகம் வேண்டாம் என்பதுபோல, கண்களை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி கூப்புடு."

நெட்டச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் புகை கசிந்தது.

"அம்மா."

"சாப்ட்டியாடி?"

"இல்லம்மா."

அவள் பேசவில்லை. வாய் பேசியது. நாக்கு தானாகப் புரண்டது. அவளுடைய குரல் எங்கோ நெஞ்சுக்கூட்டுக்குள் கிடந்து, இரும்புக் கதவை உள்ளிருந்து அடிப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. டம். டம். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அம்மாள் மூடிய கண்ணோடு தடவித்தடவி எழுந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து நெட்டச்சியின் நீண்ட உடம்பை வளைத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். கிழவியின் கை இரும்பாக இருந்தது.

"இனிமே எங்கயும் போகாத. பேசிக்கிட்டே இரு."

"சரிம்மா."

"குளிருதாடி?"

"குளிருதும்மா."

உதட்டில் பனி பூத்தது. இமையில் பூத்தது. அம்மாள் அதை விரலால் துடைத்தாள். மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. கண்ணை மட்டும் திறக்கவே இல்லை.

"பயமா இருந்துச்சாடி?"

"இருந்துச்சும்மா."

ஜன்னலில் கடைசி வெளிச்சமும் போய்விட்டது. மடிக்குள் கிடந்த வாய் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 'உன் மகள் திருடவில்லை' என்ற ஒரு சொல்லை நெட்டச்சி அந்தத் தாய்க்குத் தரவேண்டியிருந்தது. அது இன்னும் பாக்கி.