சறுக்கலுக்கு ஒரு சனிக்கிழமை

மையத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பே எங்கள் வீட்டில் ஊமைப்படம் ஓடத் தொடங்கிவிடும். ஜன்னல்களை அடைத்துவிடுவேன். மிக்ஸி போட மாட்டேன். காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிடுவேன். என் மனைவி ஆதிரை கண்ணை மூடிப் படுத்திருப்பாள். நான் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிவிட்டு வாயைத் துடைப்பேன். அவள் மணிக்கட்டில் கட்டியிருக்கும், தெம்பை அளக்கும் வலுமானிப் பட்டையில் எண் மெல்ல ஏறும். முப்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து. அந்த எண்ணை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.

நெடுங்கொரோனா வந்த வீடு எல்லாமே இப்படித்தான். ஏழாவது அலைக்குப் பிறகு திருச்சியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உடம்பில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தெம்பு. அதை மீறி நடந்தாலோ பேசினாலோ மறுநாள் சறுக்கல் வரும். சறுக்கல் என்றால் ஏதோ அசதி, ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒவ்வொரு சறுக்கலும் ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போகும். முதல் சறுக்கலில் ஆதிரைக்கு மாடிப்படி போனது. மூன்றாவதில் நிற்பது போனது. வெங்காய மண்டியில் மைக் இல்லாமல் ஏலம் விட்டவள் அவள். இப்போது ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம். அதில் நாலு என்னைத் திட்டுவதற்கே சரியாகப் போய்விடும்.

மீள்வலு மையத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குருதி வடிப்பு நடக்கும். ரத்தத்தை எடுத்து, அதில் உறைந்திருக்கும் பிசிறுகளை வடித்து, திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். போன வருஷம் இயந்திரம் பழுதாகி இரண்டு முறை தவறிப்போனபோது அவளால் தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை. அந்த வடிப்புதான் அவள் உயிர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் ருக்சானா நேரில் பார்ப்பார். அன்றைக்கு ஆதிரை தன் வாயாலேயே தன் வலியைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் நாலு நாள் படுக்கை. ஆஸ்பத்திரிக்கு அலங்கோலமாகப் போகக் கூடாது என்பதும் அவள் கட்சி. தலையை அலசி, மடிப்புக் கலையாத சுடிதார் போட்டு, பொட்டு வைத்துக் கூட்டிப்போவேன். மையத்துக்கு வரும் எல்லோரும் இப்படித்தான் வருவார்கள். சக்கர நாற்காலி வரிசையைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை, தெம்பை அளக்கும் அளவறைக்குள் இருபது நிமிஷம் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தபோது கதவின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. ஐம்பத்தெட்டு.

"வாழ்த்துகள்னு சொல்ல வாய் வரல சார்" என்றார் டாக்டர் ருக்சானா. "ஐம்பதைத் தாண்டிட்டாங்க. இனிமே ஆதிரை 'தேறியவர்'. நோயாளிப் பதிவு நீங்கிடும். வடிப்பும் நின்னுடும்."

"என்ன டாக்டர் விளையாடுறீங்களா? நாலு நாள் பொணம் மாதிரி கெடந்துட்டு வந்திருக்கா. அந்தத் தெம்பைத்தான் உங்க மெஷின் காட்டுது."

"தெரியும். எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. முன்னெல்லாம் வீட்டு ரீடிங்கையும் சேர்த்துப் பாத்தோம். சில பேர் பட்டையை வேற ஆள் கையில மாட்டி ஏமாத்துனாங்களாம். ஒன்னாம் தேதியிலேருந்து அளவறை எண் மட்டும்தான் செல்லும்."

"இதை ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?"

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கோம்."

"போர்டைப் படிக்கத் தெம்பு இருந்தா நாங்க ஏன் இங்க வர்றோம்?"

டாக்டர் எழுந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "திங்கட்கிழமை மறு அளவீடு கேக்கலாம். ஆனா ஒருதடவை தேறிட்டா, திரும்பச் சேர இருபதுக்குக் கீழ காட்டணும். சும்மா இருந்தாலே இவங்களுக்கு முப்பது வரும். இருபதுக்குக் கீழன்னா..."

"சறுக்கணும்" என்றாள் ஆதிரை.

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். வேலூர் போவோம், கோர்ட்டுக்குப் போவோம், அவன் இவனைப் பிடிப்போம் என்றேன். அவள் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வடிப்பு நின்னா எனக்கு எத்தனை மாசம் இனியா?" என்றாள்.

 மூன்று மாதம்கூடத் தாங்க மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நாளைக்குக் காலையில ஜன்னலைத் தொற. எப்படியும் விழத்தான் போறேன். பேசிட்டு விழறேன்."

சனிக்கிழமை பத்து மணிக்குத் தொடங்கினாள். அடேயப்பா, என்ன பேச்சு! மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. எதிர்வீட்டுக்காரரின் குறட்டையைச் செய்து காட்டினாள். நான் வைக்கும் ரசத்தை வெந்நீர் என்றாள். தன் தங்கை கல்யாணத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் போய்வர வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். பிறகு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மண்டிக் குரலில் என்னையே ஏலம் விட்டாள்.

"இந்தா பாருங்க, நாப்பத்து நாலு வயசு மாப்பிள்ளை! தொப்பை உண்டு, கோபம் உண்டு, பாத்திரம் கழுவும்! யாரு கேக்குறா? ஒருதரம்! ரெண்டுதரம்! ஒருத்தரும் இல்லையா? சரி போ, நானே எடுத்துக்கறேன்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் அவள் சொன்னாள்: "மூணு வருஷமா நீ என் கையைத்தான் பாக்குற. மூஞ்சியைப் பாக்கறதே இல்ல." நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கே வலுமானி பதினெட்டைக் காட்டிவிட்டது. அத்தோடு போதும். அப்போதே நான் அவள் வாயைப் பொத்திப் படுக்க வைத்திருக்க வேண்டும். பட்டை கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்: அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். எனக்கு இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது. என் ஆசைக்காக இன்னும் இரண்டு மணி நேரம் அவளைப் பேச விட்டேன்.

நாலு மணிக்கு அவளுக்கு நாக்குக் குழறியது. "இன்னொன்னு இருக்கு இனியா. முக்கியமானது. காலையில சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை அளவறையில் ஏழு காட்டியது. பதிவு நிலைத்தது, வடிப்பும் தொடரும் என்றார்கள். டாக்டர் ருக்சானா கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் தொண்டையை வெகுநேரம் தடவிப் பார்த்தார். "பேச்சுப் பயிற்சிக்கு எழுதறேன். ஆனா நம்பிக்கை வெச்சுக்காதீங்க சார்" என்றார்.

இப்போது கேள்விக்கு ஆமாம் என்றால் ஒருமுறை கண்ணை மூடுவாள், இல்லை என்றால் இரண்டு முறை. அதற்கே எண் இறங்குகிறது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேட்கிறேன். நீ சொல்ல வந்தது உன் அம்மாவைப் பற்றியா என்று கேட்டேன். பீரோவில் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். என் மேல் ஏதாவது வருத்தமா என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இரண்டு முறை மூடினாள். இன்றைக்கு எழுபத்து மூன்றாவது நாள். உன்னைப் பேச விட்டதற்கு என்னை மன்னிப்பாயா என்று கேட்க வாய் வரை வந்தது. அதைக் கேட்டால் இன்றைய கேள்வி போய்விடும். அவள் முகத்தைப் பார்த்தபடி, உன் தங்கை கல்யாணத்தைப் பற்றியா என்று கேட்டேன். இரண்டு முறை மூடினாள்.