வாசலில் கட்டிய வேப்பிலை

ஐந்தாம் வகுப்பில் சுடர்விழிக்கு எப்போதும் முதல் இடம்தான். கடைசி இடமும் அவளுக்குத்தான். நன்னிலம் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிப்பது அவள் ஒருத்தி மட்டுமே!

இளவட்டங்கள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். ஊரில் தொட்டில் கட்டி வெகு நாளாகிறது. கைத்தடிகள்தான் கூடிக்கொண்டே போயின. பள்ளியில் பாதி அறைகள் பூட்டியே கிடந்தன.

சுடர்விழி அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, அப்பா அந்தப் பேச்சை எடுக்கும் வரை.

அப்பா தமிழ்மாறன் நாற்றங்காலில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நாத்து முத்துது. உடனே நடலேன்னா அவ்வளவுதான்."

"அம்சம் பெரியம்மா வந்து நடுவாங்கல்லப்பா?"

"அவங்களுக்கு முட்டி வலி. குனிஞ்சா நிமிர முடியல. அவங்களுக்கு அப்புறம் இந்த ஊர்ல நடவு கத்துக்கிட்டவங்க யாரு?" அப்பா நாற்றைக் கீழே போட்டார். "இந்தக் குறுவையும் போச்சுன்னா, நாமளும் நிலத்தைப் போட்டுட்டுத் திருப்பூர் போயிட வேண்டியதுதான்."

கீழே கிடந்த நாற்றைச் சுடர்விழி எடுத்துக்கொண்டாள். திருப்பூரில் அவளுக்கு யாரைத் தெரியும்?

நல்லவேளை, மேற்கு வங்காளத்திலிருந்து நடவு ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் தங்குவதற்கு விஜயலட்சுமி டீச்சர் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் கூட்டிப் பெருக்கினார்கள்.

ஆடி மாதம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. வீட்டுக்கு வீடு வேப்பிலை, தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். அந்த அறைவாசல் மட்டும் வெறுமையாக இருக்கலாமா? சுடர்விழி இருப்பதிலேயே பெரிய கொத்தாகப் பார்த்துக் கட்டினாள்.

"வர்றவங்க அசந்து போயிடணும்" என்றாள்.

அசந்துதான் போனார்கள். ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை.

மறுநாள் காலையில் வேன் வந்து நின்றது. ஆண்களும் பெண்களும் மூட்டைகளோடு இறங்கினார்கள். சுடர்விழி வயதில் ஒரு சிறுமியும் இருந்தாள். இடுப்பில் தம்பிப் பாப்பா. அவர்களுக்குத் தலைவர் ஃபாஜில். பல வருடங்களாக வந்து போவதால் அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

ஃபாஜில் அறைவாசலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தங்கள் மொழியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

"என்ன ஃபாஜில் பாய்?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்ல, அண்ணே. நாங்க வேற ஊர் போறோம்."

"ரூம் பிடிக்கலையா?"

"ரூம் நல்ல ரூம்."

"சாப்பாடு சரிப்படாதா?"

"சாப்பாடு நல்ல சாப்பாடு."

"அப்புறம் என்னதான் பாய்?"

"வேற ஊர் போறோம், அண்ணே."

ஃபாஜில் வேறு வண்டிக்குப் போன் செய்யத் தொடங்கினார். அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

சுடர்விழி ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்தச் சிறுமியிடம் போனாள். சிறுமி சட்டென்று பின்வாங்கினாள். துப்பட்டாவால் பாப்பாவை மூடிக்கொண்டாள்.

சுடர்விழிக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கண்களில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அதே பயம் தனக்குள்ளும் இருந்ததால் அவளுக்கு உடனே புரிந்தது.

அவள் தள்ளி நின்று தன் நெஞ்சைத் தொட்டாள். "சுடர்விழி."

"தஹ்மீனா" என்றாள் சிறுமி மெதுவாக.

ஏன் போகிறீர்கள் என்று சுடர்விழி கையாலேயே கேட்டாள். தஹ்மீனா வேப்பிலையைக் காட்டினாள். பிறகு விரலால் தன் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வைத்தாள். பாப்பாவைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வேப்பிலை, புள்ளிகள், பாப்பா...

போன வருடம் சுடர்விழிக்கு அம்மை போட்டபோதும் வாசலில் இதே வேப்பிலையைத்தானே கட்டினார்கள்!

"ஐயோ அப்பா! ஊருக்கே அம்மைன்னு நெனச்சுட்டாங்க!"

அதிலும் பெரிய கொத்தைக் கட்டியது யார்? அவளேதான்.

"அம்மையெல்லாம் இல்ல பாய், இது திருவிழா!" என்றார் அப்பா. ஃபாஜில் பாப்பாவைப் பார்த்தார். போனைக் கீழே வைக்கவில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் வெறும் வார்த்தையை எப்படி நம்புவார்கள்?

சுடர்விழி தெருவில் ஓடினாள். "எல்லாரும் வாங்க! மூஞ்சியக் கழுவிட்டு வாங்க!"

பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். கன்னத்தைக் காட்டினார்கள், கையைக் காட்டினார்கள். ஒன்றாம் வகுப்புப் பரிதி சட்டையையே கழற்றிவிட்டான். அவன் நெற்றியில் சிவப்பாக ஒரு கட்டி!

ஃபாஜில் ஓரடி பின்னால் போனார். சுடர்விழிக்கு உயிரே போய்விட்டது.

"இது மாம்பழக் கட்டி! நெறையத் தின்னேன்!" என்று பரிதி கத்தினான். மாம்பழம் தின்பதையும், முழங்கை வரை வழியும் சாற்றை நக்குவதையும் நடித்துக் காட்டினான்.

தஹ்மீனா கலகலவென்று சிரித்துவிட்டாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து பாப்பா எட்டிப் பார்த்தது.

"என்னையும் பாத்துக்கங்க. வேர்க்குரு மட்டும்தான்" என்று அம்சம் பெரியம்மாவும் நொண்டிக்கொண்டே வந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் பக்கம் மேளம் கேட்டது. சுடர்விழி அங்கே கொதித்த கூழ் அண்டாவைக் காட்டினாள். ஃபாஜில் தலையில் அடித்துக்கொண்டார்.

"திருவிழா! திருவிழா நேரத்துல நாங்க வந்ததே இல்ல, வேப்பிலை கட்டினா அம்மைன்னுதான் தெரியும். ஊர் முழுக்க நோய்னு நெனச்சோம்!"

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே பாய்!"

"உங்க வாசல்ல நின்னு, உங்க ஊருக்கு நோய்னு சொல்ல மனசு வரல, அண்ணே." ஃபாஜில் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். "மத்த பசங்களையும் கூப்பிடுங்க. எல்லாரையும் பாத்துடறேன்."

அப்பா பூட்டிக் கிடந்த மற்ற அறைகளைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் மாமா" என்றாள் சுடர்விழி.

ஃபாஜில் அந்தச் சின்ன வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார்.

அடுத்த நாள் நடவு தொடங்கியது. அம்சம் பெரியம்மா வயலோரப் புங்கமரத்தில் பழைய சேலையால் தொட்டில் கட்டிப் பாப்பாவை ஆட்டினார். "முட்டிதான் போச்சு. கை நல்லாத்தானே இருக்கு!" என்றார்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததும், டீச்சர் தஹ்மீனாவை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தார். கரும்பலகையில் கணக்குகள் எழுதினார். சுடர்விழி விரலை மடக்கி எண்ணுவதற்குள் தஹ்மீனா எல்லாவற்றையும் போட்டு முடித்திருந்தாள்.

அன்று ஐந்தாம் வகுப்பில் சுடர்விழிக்கு இரண்டாம் இடம். அதைச் சொல்ல அவள் குதித்துக்கொண்டு வயலுக்கு ஓடினாள்.