குறை: அந்தக் கதவு திறக்கவில்லை

அந்த நாற்காலிச் சத்தம் அதில் இருக்கக் கூடாது. சேவியர்ராஜ் வீடியோவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடியும் ஓடவிட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து இரும்பில் எவர்சில்வர் மோதுகிற சத்தம், ணங், ணங், ணங் என்று மும்மூன்றாக வந்து, மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. நின்ற பிறகு, உட்கார்ந்திருக்கிற ஆள் இடுப்பை ஒருமுறை அசைத்துக் கொடுத்ததுபோல் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அந்தக் கிறீச்சை அவனே தன் கையால் வெட்டி எறிந்திருந்தான். வெட்டியது மட்டுமா, மூலப் பதிவையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் அன்றைக்கு எழுந்தான்.

திரையில் பேசிக்கொண்டிருந்தவள் ரஞ்சிதா. எருமப்பட்டியில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, வாரம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை எடுத்து நிறை குறை சொல்கிறவள். அவள் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் விளையாட்டு விற்கும். இந்த வாரம் அவள் எடுத்திருந்தது, சேவியர்ராஜும் அவன் மனைவி நான்சியும் மூன்று வருஷம் கண் விழித்துச் செய்த 'ஏழாம் எண் குவார்ட்டர்ஸ்'. பாழடைந்த கம்பெனிக் குடியிருப்பு ஒன்றில், காணாமல் போன இன்ஜினியரைத் தேடி அறை அறையாக அலைகிற துப்பறியும் விளையாட்டு.

"நிறைன்னு பாத்தா மொதல்ல சத்தந்தானுங்க" என்றாள் ரஞ்சிதா. "ஊட்ட வரைஞ்சிருக்கறது அருமை. பூட்டுப் புதிரெல்லாம் நல்லா மண்டைய ஒடைக்குது. ஆனா அந்த நாலாவது ரூம்புல தட்டற சத்தம் இருக்குது பாருங்க, ஐயோ, எனக்குச் சோறு எறங்கலீங்க. அதோட ஒரு சேர் சத்தம் வெச்சிருக்காங்க. உள்ள ஒருத்தர் உசுரு போற மாதிரி கூப்படறாரு, வெளிய ஒருத்தன் சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கறான். குத்தவாளி யாருன்னு கடைசி வரைக்கும் நம்மளத் தேட உடறாங்க. எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சுங்க. அந்தச் சேர்ல உக்காந்திருக்கறவன் தான்."

சேவியர்ராஜ் வீடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"குறைன்னா, நடை ரொம்ப மெதுவு. பையில இருந்து ஒரு சாவிய எடுக்கறதுக்குள்ள தாவு தீந்து போவுது. அதையெல்லாங்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா அந்தக் கதவு தொறக்கலைங்களே! அத்தன நேரம் கூப்பட உட்டுப்போட்டு, போய்ப் பாக்க வழியில்லாம வெச்சா அது மோசடிங்க. செஞ்சவங்க கேட்டுக்கிட்டிருந்தா, தயவு பண்ணி அந்தக் கதவத் தொறந்து உடுங்க."

"ஏனுங்க, இன்னும் குளிக்கலையா?" நான்சி தலையில் பூவை வைத்தபடி கூடத்துக்கு வந்தாள். அவன் சட்டென்று வீடியோவை மூடினான். "எட்டரைக்குப் பூசைங்க. மாமாவோட வருஷப் பூசை. பேரு வாசிக்கறப்ப மகன் இல்லீன்னா ஃபாதர் என்ன நெனைப்பாரு?"

"நீ முன்னால போ நான்சி, பின்னாலயே வாரேன். மத்தியானத்துக்குள்ள கதவ முடிச்சு அனுப்போணும். விக்கறவங்க போன் மேல போன் போடறாங்க."

"இன்னைக்குமா?" என்றாள். ஸ்கூட்டி கிளம்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. கொண்டப்பநாயக்கன்பட்டி தன்பாட்டுக்குப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏற்காடு ஏறுகிற பஸ்கள் மலையடிவாரத்தில் கியரை மாற்றி உறுமின, பக்கத்து வீட்டில் கறிக்கு மசாலா வதங்கியது, வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் படுக்க வைத்திருந்தது. பயப்படுவதற்கான பொழுதே அல்ல. ஆனாலும் சேவியர்ராஜ் தலையைத் திருப்பாமலேயே, முதுகுக்குப் பின்னால் இருந்த அப்பாவின் அறைக்கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அப்பா சவரியார் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷம் கொதிகலனோடு மாரடித்தவர். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அவரும் அவருடைய கூட்டாளியும் ஸ்பேனரால் குழாயில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். வாதம் அடித்து இடது பக்கமும் வாயும் விழுந்துபோன பிறகு, அதே பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வலது கையில் எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் இரும்புக் கட்டிலின் குழாய். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. மூன்று என்றால் உடனே வா. பாவம், மூன்றை அவர் அநாவசியமாகத் தட்டியதே இல்லை.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சேவியர்ராஜ் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு அப்பா மூன்று தட்டினார். இவன் எழுந்தான். காதில் ஹெட்போன், கையில் ஒலிப்பதிவுக் கருவி, விளையாட்டுக்காக ஒரு பயங்கரமான சத்தம் தேடித் தேடிச் சலித்திருந்த நேரம். சாத்தியிருந்த கதவு அந்த ணங்கின் கூர்மையை உறிஞ்சிக்கொண்டு, அடி ஆழத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தமாக்கி இவனுக்குக் கொடுத்தது. அடடா, என்ன சத்தம்! ஒரே ஒரு நிமிஷம் என்று நினைத்தான். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஒரு நிமிஷம் பதினோரு நிமிஷமானது. நடுவில் நான்சி கடைக்குப் போய்விட்டுக் காய்ப்பையோடு உள்ளே வந்து, "மாமா கூப்படறாரா?" என்று கேட்டாள். இவன் வாயில் விரலை வைத்து, "ஷ்ஷ், கம்ப்யூட்டர்ல ஓடுது" என்றான். அவள் நம்பினாள். காலடிச் சத்தம் கேட்கக் கூடாதென்று நுனிக்காலில் சமையலறைக்குப் போனாள். தட்டுகள் தளர்ந்து, இடைவெளி விட்டு, ஒன்றுமில்லாமல் அடங்கின. எவ்வளவு இயல்பாக அடங்குகிறது என்றுதான் அப்போது அவனுக்குத் தோன்றியது. கதவைத் திறந்தபோது டம்ளர் தரையில் கிடந்தது. அப்பாவின் கண்கள் கதவைப் பார்த்தபடி நின்றுபோயிருந்தன.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நான்சியிடம் சொன்னான். சாகிற நேரத்தில் எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக் கூப்பிட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்ட ஃபாதரிடமும், கல்லறையில் கைகூப்பிக்கொண்டு, அதையே சொன்னான். பிறகு அந்தச் சத்தத்தை விளையாட்டில் நாலாவது அறைக்குப் பின்னால் வைத்தான். அது விற்றது. பெற்ற அப்பனுடைய சாவை விற்றுத் தின்கிறோமே என்று நினைக்காத நாள் கிடையாது. நினைத்துக்கொண்டே தின்றான்.

'கதவை முடிச்சுட்டுக் கோயிலுக்குப் போறேன். பூசை முடிஞ்சு ஃபாதர் கிட்டச் சொல்லிடறேன். நான்சி கிட்டயும் சொல்லிடறேன்' என்று இப்போது தனக்குள் சொல்லிக்கொண்டான். சத்தியமாகத்தான் சொன்னான். ஆனால் முதலில் கதவு.

திரையில் கதவைத் திறக்க வைப்பது அரை மணி நேர வேலை. உள்ளே ஓர் இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஆனால் அறைக்கு உள்ளிருந்து கேட்டால் எப்படியிருக்கும் என்கிற ஒலி வேண்டும். ஒவ்வோர் அறையின் அமைதியும் ஒவ்வொரு மாதிரி, அதை இட்டுக்கட்ட முடியாது. அவன் கருவியை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போனான். சனிக்கிழமை தவறாமல் நான்சி கூட்டித் துடைக்கிற அறை. இருந்தும் டெட்டாலும் தைலமும் அடியில் கொஞ்சம் மூத்திரமுமாக அந்த வாடை அப்படியே நின்றது. வெளிச்சத்தம் வராமல் கதவைச் சாத்தினான். கருவியைத் தலையணை இருக்கிற இடத்தில் வைத்து ஓடவிட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பா என்ன பார்த்திருப்பார் என்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம். மெல்லச் சாய்ந்து கட்டிலில் படுத்தான்.

படுத்தால் கதவு மட்டும்தான் தெரிகிறது. ஜன்னல் தலைமாட்டில் போய்விடுகிறது, சுவர் இடது பக்கம் மறைந்துவிடுகிறது. கதவும், கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடுக்கில் கூடத்து வெயிலும். இரண்டு வருஷம் இதைத்தான் பார்த்தாரா அப்பா? "அப்பா, நான் கேட்டேங்கப்பா. கேட்டுக்கிட்டே தான் உக்காந்திருந்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். ஒரு வருஷத்தில் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சு லேசானது போலத்தான் இருந்தது.

பஸ் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கரண்டிச் சத்தமும் இல்லை. மசாலா வாசனையும் இல்லை, தைலம் மட்டும், இப்போது திறந்து தேய்த்ததுபோல் சுரீரென்று.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. தரையை உராய்ந்துகொண்டு, நிதானமாக, கதவை நோக்கி. நின்றது. யாரோ அதில் உட்கார்ந்தார்கள்.

கிறீச்.

"யாரு?" என்று கேட்க நினைத்தான். நாக்கு புரளவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். வலது கால் மடங்கியது, இடது கால் அவனுடையதாகவே இல்லை. இடது கையைத் தேடினான். போர்வைக்கு மேல் கிடந்தது. கிடந்தது, அவ்வளவுதான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொத்தான் 'க்ளிக்' என்றது.

அந்த க்ளிக்கை அவனுக்குத் தெரியும். ஆயிரம் தடவை அழுத்திய பொத்தான்.

வலது கை துழாவியது. டம்ளர் தட்டுப்பட்டது. யார் கொண்டுவந்து வைத்தது? யாராயிருந்தால் என்ன. ஓங்கினான். ணங், ணங், ணங்.

நிறுத்திக் கேட்டான்.

கிறீச்.

ணங், ணங், ணங். மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. நெஞ்சுக்குள் எதையோ வைத்துத் திருகினார்கள். வெளியே இருப்பவன் எழுந்திருக்கவில்லை. அவசரமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்குகிறவனுடைய மூச்சு.

ஸ்கூட்டி வந்தது. அந்த ஒரு சத்தம் மட்டும் வந்தது. கேட் திறந்தது. மெட்டிச் சத்தம் படியேறியது. சேசுவே, நான்சி! அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. உயிர் மொத்தத்தையும் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து தட்டினான்.

"ஏனுங்க, இங்கயா உக்காந்திருக்கறீங்க?" நான்சியின் குரல், கதவுக்கு மிக அருகில். "மாமா பேர மூணு தடவ வாசிச்சாரு ஃபாதர். நான் ஒருத்தி தான் எந்திரிச்சு நின்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உள்ள யாருங்க தட்டறது?"

ணங், ணங், ணங். ணங், ணங், ணங்.

நாற்காலியிலிருந்து பதில் வந்தது. அது சேவியர்ராஜின் குரல்.

"ஷ்ஷ். கம்ப்யூட்டர்ல ஓடுது."

கத்தினான். தொண்டையிலிருந்து ஈரமான காற்றுதான் வந்தது.

"ஓ" என்று நான்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கதவு தொறக்கற மாதிரி பண்ணிட்டீங்களா?"

"இல்ல. தொறக்காமயே இருக்கட்டும். அதுதான் நல்லாருக்குது."

அவள் கதவை ஒட்டி வந்து நின்றாள். இடுக்கில் அவளுடைய சேலை விளிம்பு தெரிந்தது. அவள் கையை நீட்டினால் தாழ்ப்பாள். ஒரே ஒரு தள்ளு. சேவியர்ராஜ் தட்டினான். விரல்கள் நழுவின, பிடித்தான், தட்டினான். தளர்ந்து. விட்டு விட்டு.

நான்சி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள்.

"அப்படியே மாமா தட்டறாப்லயே இருக்குதுங்க" என்றாள்.

பிறகு, சத்தம் கெட்டுவிடக் கூடாதென்று, நுனிக்காலில் சமையலறைப் பக்கம் நடந்து போனாள். சேலை விளிம்பு மறைந்த இடத்தில், வெயில் விழுந்த தரையில், செருப்பில்லாத இரண்டு பாதங்கள் தெரிந்தன. சேவியர்ராஜின் பாதங்கள். அவை அசையவே இல்லை.