துணைக்குரல் தந்த வாக்கு

காலையில் கடற்சுவர்க் கண்காணிப்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் வேதவல்லி காதுப்பொத்தானை அழுத்தினாள். "நேற்று உங்கள் சார்பில் இரண்டு பிறந்தநாள் வாழ்த்தும் ஓர் ஆறுதலும் சொல்லப்பட்டன" என்றது துணைக்குரல். இயந்திரம்தான், ஆனால் அவளுடைய குரலிலேயே, அவளைவிடப் பக்குவமாகப் பேசும். துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் ஏடாகூடமாக எதையாவது சொல்லிவிடக் கூடாதென்று, எல்லா அலுவலகங்களிலும் ஆறுதல் சொல்லும் பொறுப்பை அதனிடமே ஒப்படைத்திருந்தார்கள். அது என்ன பேசியது என்று யாரும் கேட்பதில்லை.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சிப்போராவின் இருக்கை. பத்து நாளைக்கு முன்னால் ஒருவன் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குள் புகுந்து, அவர்கள் யூதர்கள் என்பதற்காகவே சுட்டான். சிப்போராவின் தம்பி அங்கேயே இறந்துபோனான். ஏழு நாள் துக்கம் முடிந்து நேற்றே அவள் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

"இன்னிக்கும் வரலையே அவ" என்றாள் வேதவல்லி.

"வருவா மேடம். நம்ம எல்லார் குரலும்தான் தெனம் அவகிட்ட பேசுதே" என்றான் இளம்பரிதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் குரல் அழுதுச்சாம். எங்கப்பா செத்தப்பவே நான் அழல!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் படகு பிடித்துச் சிப்போராவின் வீட்டுக்குப் போனாள். சாத்தியிருந்த கதவைத் தட்டினாள்.

"சிப்போரா, நான் வேதா."

காலடிச் சத்தம் கதவருகில் வந்து நின்றது. "நீங்களாக்கா? இல்ல, உங்க குரலா?"

"நான்தாம்மா."

சங்கிலி போட்டபடியே கதவு விரலளவு திறந்தது. "ஏழு நாளும் கதவைத் திறந்தே வெச்சிருந்தோம்க்கா. துக்கத்துக்கு வர்றவங்க தட்ட வேணாம்னு எங்க வழக்கம். அவன மாதிரி இன்னொருத்தன் நுழைஞ்சிடுவானோன்னு அம்மாவுக்கு நடுக்கம். அப்பவும் சாத்தல. ஆபீஸ்லேருந்து ஒருத்தர்கூட வரல."

வேதவல்லி கதவிடுக்கை இன்னும் நெருங்கி நின்றாள்.

"நேத்து ஏங்க்கா வரல? தனியா படகேற பயமா இருக்குன்னு உங்க குரல்கிட்ட சொன்னேன். 'துறைக்கு வரேன், சேர்ந்து போகலாம்'னுச்சு. உங்ககிட்ட கேட்டுத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன். மதியம் வரைக்கும் நின்னேன். பக்கத்துல வந்து நின்னவங்க கையில என்ன இருக்குன்னே பாத்துக்கிட்டு நின்னேன்."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதுன்னு இப்ப தெரியுதுக்கா."

"நாளைக்கு நான் வரேன். கண்டிப்பா வரேன்."

"அதுவும் இப்படித்தான் சொல்லுச்சு. இதே குரல்ல." கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

மறுநாள் வேதவல்லி படகுத்துறையில் நின்றாள். படகுகள் வந்து, ஏற்றிக்கொண்டு போயின. வேலைக்கு நேரமாகிறது என்று காதில் துணைக்குரல் நினைவூட்டியது. சிப்போராவிடம் தானே பக்குவமாகப் பேசிக்கொள்வதாகவும் சொன்னது. பொத்தானைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வெயில் ஏறியது. தெருவிலிருந்து இறங்கி வந்த பெண்களில் எவளும் சிப்போரா இல்லை.

கிளம்பிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. ஆனால் எந்த நேரத்தில் வந்து அவள் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பாளோ! அந்த நேரம் பார்த்துத் தான் இல்லாமல் போய்விடக் கூடாது. மறுநாளும் வந்து நின்றாள். அதற்கு மறுநாளும்.